கட்டை புதுசா, புள்ளி புதுசா?

சின்னசேலத்தில் ஆயா வீட்டுத் திண்ணையில், தூணை ஒட்டின கருங்கல் பலகையில் ஒரு தாயக்கட்டம் கொத்தியிருக்கும். யார் கொத்தினது என்று ஆயாவுக்குத் தெரியாது. அவங்க கல்யாணமாகி வந்தப்பவே இருந்ததாம். சித்திரை வெயிலில் மக்காச்சோளக் காடெல்லாம் காய்ந்து கிடக்கும். சேலம் – விருத்தாசலம் ரயில் ஒன்று கூவிவிட்டுப் போகும். அந்த மத்தியானங்களில் நாலு புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு ஆடுவோம். கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துத் தோலை எடுத்துவிட வேண்டும். மறுபக்கம் கறுப்பாகவே இருக்கும். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம். நாலும் வெள்ளையானால் நாலு. நாலும் கறுப்பு என்றால் எங்கள் தெருவில் எட்டு. பக்கத்துத் தெருவில் வேறு கணக்கு வைத்திருந்தார்கள், அதற்கே தனியாக அடிதடி நடக்கும்.

இந்தத் திண்ணையை ஒரு அமெரிக்கத் தீர்ப்பை வாசிக்கும்போது நினைத்துக்கொண்டேன். இலக்கிய விமர்சனம் எழுதுகிறவனுக்குத் தீர்ப்பில் என்ன வேலை என்று கேட்கலாம். என்னைக் கேட்டால், எது புதுசு, எது ஏற்கெனவே இருந்தது, எதை எழுத்து என்பது, எதைப் பொருள் என்பது என்ற கேள்விகளை இன்றைக்கு நம்மைவிடப் பொறுமையாகக் கேட்கிறவர்கள் காப்புரிமை நீதிபதிகள்தான். நாம் முகநூலில் அரை மணி நேரத்தில் தீர்த்துவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படித் தீர்த்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

தீர்ப்பின் பெயர் 'இன் ரே மார்கோ குல்டனார் ஹோல்டிங்'. 2018 டிசம்பர் 28-ல் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எழுதியவர் நீதிபதி சென். வழக்கு மூன்று பகடைகளைப் பற்றியது. முதல் பகடையில் ஒரே ஒரு முகத்தில் குறி. இரண்டாவதில் இரண்டு முகங்களில் ஒரே மாதிரிக் குறி. மூன்றாவதில் மூன்று முகங்களில். மற்ற முகங்களில் அந்தக் குறி கிடையாது. பந்தயம் கட்டு, உருட்டு, குறி மேலே வந்தால் காசு வாங்கிக்கொள். கோரிக்கை மொத்தமும் இவ்வளவுதான். (காப்புரிமை விண்ணப்பத்தில் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது மரபு. வினையெச்சத்தின் மேல் வினையெச்சமாக ஒரு பக்கம் முழுக்க ஓடும் வாக்கியங்களை அங்கே பார்க்கலாம். தமிழில் நீண்ட வாக்கியம் செத்துப்போச்சு என்று வருந்துகிறவர்கள் ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம்.)

காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியமும் மறுத்தது. நீதிமன்றமும் மறுத்தது. காரணம் இரண்டு படிகளில் வருகிறது. ஒன்று, ஆட்டத்தின் விதி என்பது வெறும் கருத்து, கருத்துக்குக் காப்புரிமை இல்லை. இரண்டு, அந்தக் கருத்தோடு வேறு ஏதாவது கண்டுபிடிப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தால், பந்தயம் கட்டுவதும் உருட்டுவதும் காசு கொடுப்பதும் எல்லோரும் செய்வது. மிஞ்சுவது பகடையின் குறிகள். அவை 'அச்சிட்ட விஷயம்'. ஜெயிச்சியா தோத்தியா என்ற சேதியைச் சொல்வது மட்டும்தான் அவற்றின் வேலை. பகடையின் உடம்பை அவை எதுவும் செய்யவில்லை.

விண்ணப்பக்காரர் தரப்புக்கு இது அநியாயமாகத் தோன்றியிருக்கும். ஏனென்றால் 2016-ல் இதே நீதிமன்றம், ஒரு சீட்டாட்ட வழக்கில் விண்ணப்பத்தை மறுத்துவிட்டு, போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தது: சாதாரணச் சீட்டுக்கட்டுக்குப் பதில் புதுமாதிரிக் கட்டு ஒன்றை வைத்து ஆடியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். சரி, புதுசாத்தானே கேட்டீங்க, இதோ புதுப் பகடை என்று இவர்கள் கொண்டுவந்தார்கள். கட்டை புதுசில்லை, புள்ளிதான் புதுசு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதல் வாசிப்பில் எனக்கு இந்தத் தீர்ப்பின் மேல் கோபம்தான் வந்தது. புள்ளியை எடுத்துவிட்டால் பகடை ஏது? வெறும் கனசதுரக் கட்டி. பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு வெற்றுப் பக்கம். இரண்டு கட்டையிலும் வெற்றுப் பக்கம் விழுந்தால் பூஜ்யம் இல்லை, பன்னிரண்டு! ஒன்றும் எழுதாத பக்கத்துக்குத்தான் ஆட்டத்திலேயே பெரிய மதிப்பு. பதினாறில் ஒரு தடவைதான் விழும் என்பதால் அந்த மரியாதை. எழுத்தில்லாமையும் எழுத்தாக இருக்கிற ஒரு பொருளை, எழுத்தைத் தனியாகவும் பொருளைத் தனியாகவும் பிரித்து வாசிப்பது என்ன வாசிப்பு? கவிதையில் வார்த்தையை நீக்கிவிட்டுக் காகிதத்தை மதிப்பிடுகிற மாதிரி.

ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் நிற்கிற பழைய தீர்ப்பு ஒன்றைத் தேடிப் படித்தபோது கோபம் கொஞ்சம் குழம்பிப்போனது.

*

1983. 'இன் ரே குலாக்'. இதுவும் அதே நீதிமன்றம்தான். பொருள் ஒரு வளையம். கணக்கு கற்றுக்கொடுக்கவும் விளையாடவுமான ஒரு பட்டை. அதன் வெளிப்புறத்தில் சுற்றிலும் இலக்கங்கள். சும்மா போட்ட இலக்கங்கள் இல்லை. பகா எண்ணிலிருந்து பிறக்கிற சுழல் வரிசை. எளிய உதாரணம் ஏழு. ஒன்றை ஏழால் வகுத்தால் 142857 என்ற ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். அதை இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரைக்கும் எதால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கம், அதே வரிசை, தொடங்குகிற இடம் மட்டும் வேறு. கோட்டில் எழுதினால் இது ஒரு எண். வளையத்தில் எழுதினால் ஆறு விடைகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சுற்றிவிட்டால் போதும்.

காப்புரிமை அலுவலகம் இதற்கு எதிராக ஒரு முந்தைய கண்டுபிடிப்பை எடுத்துவைத்தது. விட்காஃப் என்பவருடைய தொப்பிப் பட்டை. தொப்பியைச் சுற்றி வரும் பட்டை, அதில் அச்சிட்ட சங்கதிகள். பட்டை ஏற்கெனவே இருக்கிறது, அதில் எழுதுவதும் ஏற்கெனவே இருக்கிறது, இலக்கத்தை மாற்றினால் புதுசாகிவிடுமா என்பது வாதம். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அச்சிட்டதைத் தனியாகக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் வாசிக்காதே, முழுசாக வாசி என்றது. இந்த இலக்க வரிசைக்கு முடிவில்லாத வளையம் வேண்டும், வளையத்துக்கும் இந்த இலக்க வரிசைதான் வேலை கொடுக்கிறது. தொப்பிப் பட்டையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், இங்கே முடியாது. எழுத்துக்கும் அது உட்கார்ந்திருக்கும் பொருளுக்கும் நடுவில் செயல்படுகிற ஒரு உறவு இருக்கிறதா? அது புதுசா? இதுதான் கேள்வி. குலாக் ஜெயித்தார்.

இதை வாசித்தபோது நிஜமாகவே எழுந்து உட்கார்ந்தேன். தமிழில் இந்தக் கேள்விக்கு ரொம்ப வயசு. சித்திரகவி என்று ஒரு வகையே இருக்கிறது. தண்டியலங்காரம் அதற்கு இலக்கணம் சொல்கிறது. இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கிற மாலைமாற்று, நீர்ச்சுழி போல உள்ளே இழுக்கும் சுழிகுளம், பாம்புகள் பின்னிக்கொள்கிற நாகபந்தம். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுக்க மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். பள்ளியில் இதையெல்லாம் 'சொல் விளையாட்டு' என்று ஒரு மார்க் கேள்விக்கு ஒதுக்கிவிட்டோம். பிற்காலச் சித்திரகவிகளில் முக்கால்வாசி அந்த ஒரு மார்க்குக்கும் தகுதியில்லாதவை என்பதும் உண்மைதான். தேர்ப் படம் வரைந்து கட்டத்துக்கு ஒரு எழுத்து போட்டு நிரப்பியிருப்பார்கள். படத்தை மீன் என்று மாற்றினாலும் பாட்டுக்கு ஒரு சேதாரமும் இருக்காது. அது விட்காஃபின் தொப்பி. நல்ல சுழிகுளம் அப்படியில்லை. எட்டு எழுத்து, நாலு வரி, மேலிருந்து கீழே போய்ச் சுழித்து நடுவுக்கு வந்தாலும் அதே பாட்டு. அந்தச் சுழலை எடுத்துவிட்டால் பாட்டு இல்லை. உருவமா உள்ளடக்கமா என்று தமிழ்ச் சிறுபத்திரிகைகள் பல ஆண்டுகள் சண்டை போட்டன. அந்த மொத்தச் சண்டைக்கும் குலாக் தீர்ப்பு ஒரு நல்ல கேள்வியைக் கொடுத்திருக்கும்: இந்த உருவம் இந்த உள்ளடக்கத்துக்கு ஏதாவது வேலை செய்கிறதா, இல்லை சும்மா சுமக்கிறதா?

இந்தக் கேள்வியோடு திண்ணைக்குத் திரும்பினால்தான் எனக்குச் சிக்கல். புளியங்கொட்டையில் இருப்பது எழுத்தா? மை கிடையாது, அச்சு கிடையாது. தேய்ப்புதான். தேய்த்தால் நிறம் மட்டும் மாறுவதில்லை, உருவமும் மாறுகிறது. உருண்டிருந்த பக்கம் தட்டையாகிறது. தட்டைப் பக்கம் தரையில் படிந்து உட்காரப் பார்க்கும், அப்படி உட்கார்ந்தால் மேலே தெரிவது கறுப்பு. ஆயா இதைப் பற்றி ரொம்பக் கறார். நான் ஆர்வக்கோளாறில் பாதிக் கொட்டையைத் தேய்த்துவிடுவேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தூர எறிவாங்க. "இத்தினி தேய்ச்சா தாயம் எங்கடா விழும்? படுத்துக்கும்." தோல் போகிற அளவுக்கு, அதற்கு மேல் ஒரு தேய் கூடாது. குறியும் உடம்பும் ஒன்றை ஒன்று தீர்மானிக்கிற பொருள் அது. குலாக்கின் வளையத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு ஆயாவின் கொட்டை ஆமாம் என்று பதில் சொல்லும். குல்டனாரின் பகடை இல்லை என்றுதான் சொல்லும். அதில் குறியை ஒரு முகத்தில் போட்டாலும் மூன்று முகத்தில் போட்டாலும் கட்டை அதே மாதிரிதான் உருளும். எனக்குப் பிடிக்காத தீர்ப்பை என் ஆயாவே நியாயப்படுத்திவிட்டாங்க.

ஆனாலும் ஒரு மனக்குறை மிச்சம் இருக்கிறது. நீதிபதி சென்னுக்கே கொஞ்சம் இருந்திருக்கும் போல. 'மனித நடவடிக்கைகளை ஒழுங்கமைக்கும் முறை' என்று வாரியம் பயன்படுத்திய சொற்றொடர் குழப்பமானது, தவறாகப் பயன்படக்கூடியது, இப்படிப் பார்த்தால் மருந்து தயாரிக்கும் படிகளையும் அந்தப் பெட்டிக்குள் போட்டுவிடலாம் என்று தீர்ப்பிலேயே ஒத்துக்கொள்கிறார். ஆட்டம் சம்பந்தமான கண்டுபிடிப்புகளுக்குக் கதவு முழுசாக மூடவில்லை என்றும் சொல்கிறார். என் குறை வேறு. இது வெறும் கருத்து என்று வாசலிலேயே நிறுத்திவிட்டதால், இந்த மாதிரிப் பகடை முன்பே எங்காவது இருந்ததா என்ற கேள்விக்கு அங்கே அவசியமே இல்லாமல் போய்விட்டது. சட்டத்தில் அதற்குப் பெயர் 'பிரையர் ஆர்ட்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'முந்தைய கலை'. அழகான பெயர். அந்தக் கதவு திறந்திருந்தால் உலகத்தின் பழைய பகடைகளெல்லாம் சாட்சி சொல்ல வந்திருக்கும். கீழடியில் கிடைத்த பகடைகளும் ஆட்டக்காய்களும், பித்தளைத் தாயக்கட்டையின் வெற்றுப் பக்கமும், சின்னசேலத்துப் புளியங்கொட்டையும்.

வந்திருக்குமா? அங்கேதான் கதை கசக்கிறது.

*

அந்த விண்ணப்பம் 2011-ல் போட்டது. அப்போது அமெரிக்காவில் இருந்த பழைய சட்டப்படி, அமெரிக்காவுக்குள் ஒரு பொருளை யாராவது அறிந்திருந்தாலோ பயன்படுத்தியிருந்தாலோ அது முந்தைய கலை. வெளிநாட்டில் என்றால் வெறுமனே பயன்படுத்தியது போதாது. காப்புரிமை வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அச்சில் வந்திருக்க வேண்டும். 2013 மார்ச் 16-லிருந்துதான் இந்த எல்லைக்கோடு நீங்கியது. அதாவது அதுவரைக்கும், நியூயார்க்கில் ஒரு கிழவி ஆடினால் அது சாட்சி. எங்கள் ஆயா ஆடினால் அது ஒன்றும் இல்லை. எங்கள் ஆயா ஆடியதை யாராவது பார்த்துப் புத்தகத்தில் அச்சடித்திருந்தால் அந்தப் புத்தகம் சாட்சி, ஆயா அப்போதும் இல்லை.

இது கற்பனைப் பயம் இல்லை. 1995-ல் காயத்தை ஆற்ற மஞ்சள் என்று ஒரு அமெரிக்கக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பிள்ளைக்குத் தெரியும் என்பது அங்கே செல்லாது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவ சங்க இதழில் வந்த கட்டுரையையும் தேடி எடுத்துக் காட்டிய பிறகுதான் 1997-ல் அது ரத்தானது. வேம்பு வழக்கு இன்னும் சுவாரசியம். அது ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் நடந்தது. வேப்பெண்ணெயைக் கொண்டு செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் வாங்கிய காப்புரிமை. எதிர்த்தவர்களில் வந்தனா சிவா ஒருவர். அங்கே இந்தியாவிலிருந்து ஒரு தொழிற்சாலைக்காரர் நேரில் போய், இதை நாங்கள் முன்பே செய்துகொண்டிருந்தோம் என்று சாட்சி சொன்னார். 2000-ல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீட்டிலும் 2005-ல் அதுவே உறுதியானது. ஐரோப்பாவில் ஒரு மனிதரின் வாய்க்கு மதிப்பு இருந்தது. என்ன, அவரும் தொழிற்சாலைக்காரர். கல்வராயன் மலையில் வேப்பங்கொட்டை பொறுக்குகிற பெண்மணியை யாரும் விமானம் ஏற்றவில்லை.

அச்சிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. லிசி மேகியைப் பாருங்கள். நாம் சின்ன வயதில் 'பிசினஸ்' அட்டையில் பம்பாயையும் டெல்லியையும் வாங்கி விற்றோமே, அதன் அம்மா மோனாபலி, மோனாபலியின் அம்மா இந்தப் பெண். 1904-லேயே 'நிலக்கிழார் ஆட்டம்' என்று காப்புரிமையே வாங்கிவிட்டார். நிலத்தை ஒருவரே வளைத்துக்கொண்டால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டியாவார்கள் என்று காட்டத்தான் அந்த ஆட்டம். ஹென்றி ஜார்ஜின் நிலவரிக் கொள்கையில் ஊறியவர் அவர். அது கைக்குக் கை மாறி, துணியில் வரைந்து, ஊருக்கு ஊர் தெருப்பெயரை மாற்றி, முப்பது வருஷம் பரவியது. கடைசியில் சார்லஸ் டாரோ என்பவர் கையில் வந்து, 1935 டிசம்பர் 31-ல் அவர் பெயரில் காப்புரிமையானது. பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மேகியின் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கி மூலையில் வைத்துவிட்டது. வேலையில்லாத டாரோ வீட்டில் உட்கார்ந்து தனியாகக் கண்டுபிடித்தார் என்ற கதைதான் பெட்டிக்குள் வைத்து விற்கப்பட்டது. அச்சில் இருந்தும் அந்தம்மா காணாமல் போனார்.

அவரை வெளியே இழுத்தது இன்னொரு வழக்கு. ரால்ஃப் அன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1973-ல் 'ஆன்ட்டி மோனாபலி' என்று ஒரு ஆட்டம் போட்டார். வணிகப்பெயர் பிரச்சினையில் மாட்டினார். பழைய ஆட்டக்காரர்களைத் தேடித் தேடிப் போனார். அட்லாண்டிக் சிட்டியில் டாரோவுக்கு முன்பே துணியில் வரைந்து ஆடியவர்கள் கிடைத்தார்கள். எனக்கு அதில் மிகப் பிடித்த சாட்சி ஒரு எழுத்துப்பிழை. அந்த ஊர்ப்பக்கம் 'மார்வென் கார்டன்ஸ்' என்று ஒரு குடியிருப்பு உண்டு. டாரோவுக்கு இந்த ஆட்டத்தைக் காட்டிய நண்பரின் பலகையில் அது 'மார்வின்' என்று தவறாக இருந்தது. டாரோவின் பலகையிலும் மார்வின். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே உண்மையைக் கண்டுபிடிக்கலாம். ஒரே பிழையை அப்படிக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். உ.வே.சாமிநாதையரும் மற்றவர்களும் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்ட வேலையில் இதே தர்க்கம் உண்டு. ஒரே பிழை இரண்டு ஏட்டில் இருந்தால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றோ, இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்தோ எழுதப்பட்டிருக்கும்.

'இரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்தோ' என்பதைக் கவனியுங்கள். நான் அதைக் கவனிக்கவில்லை.

*

சில வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு சிறுகதை எழுதினேன். ஆயா சொன்ன கதை அது. மலையடிவாரத்தில் புளி பொறுக்கப் போன ஒருத்தி இருட்டுக் கட்டினபிறகு புலியிடம் மாட்டிக்கொள்கிறாள். "தின்றதுக்கு முன்ன ஒரு ஆட்டம் தாயம் ஆடலாமா சின்னையா?" என்று கேட்கிறாள். கையில் நாலு கொட்டை. கொண்டையில் ஒளித்து வைத்த ஐந்தாவது கொட்டை, இரண்டு பக்கமும் தேய்த்தது. எப்படிப் போட்டாலும் ஒரு வெள்ளை நிச்சயம். அதை மாற்றிப் போட்டுத் தப்பிக்கிறாள். கதை ஒரு இதழில் வந்தது. நாலு பேர் நல்லாயிருக்கு என்றார்கள்.

ஒரு வருஷம் கழித்து வேறொரு இதழில் வேறொரு பையன் கதை. புலி, தாயம், இரண்டு பக்கமும் வெள்ளையான கொட்டை. எல்லாவற்றுக்கும் மேலே, புலியை அவளும் 'சின்னையா' என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு மார்வின் கார்டன்ஸ் மாதிரி ஆகிவிட்டது. புலியைச் சின்னையா என்று கூப்பிடுவது எங்கள் ஆயாவின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். இரவோடு இரவாக இரண்டு கதைகளின் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதிவு போட்டேன். 'திருட்டு' என்ற வார்த்தையையும் போட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அவன் ஒரே ஒரு தடவை, எங்கள் அம்மா சொன்ன கதை என்று எழுதினான். அதற்குக் கீழே சிரிப்புக் குறிகள் கொட்டிக் கிடந்தன. அதற்குப் பிறகு அவன் கதை எதுவும் என் கண்ணில் படவில்லை.

போன வருஷம் ஒரு வேலையாகக் கச்சிராயபாளையம் போயிருந்தேன். கோமுகி அணைக்குப் போகிற பாதையில் மலையிலிருந்து புளி கொண்டுவந்து கொட்டித் தட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சுவாக்கில் ஒரு அம்மா இந்தக் கதையைச் சொன்னாங்க. புலி அதிலும் சின்னையாதான். ஏன் அப்படி என்று கேட்டேன். "அது பேர் சொல்லக்கூடாதுப்பா, வேற எப்படிக் கூப்பிடறது?" என்றாங்க.

நான் பதிவில் காட்டிய மூன்று ஆதாரங்களும் அந்தப் புளிக்குவியல் பக்கத்திலேயே சரிந்துபோயின. எங்கள் இருவருக்கும் முந்தைய கலை ஒன்றுதான். அச்சில் முதலில் வந்தது நான் என்பதால் நான் மூலம் ஆனேன். அமெரிக்காவின் பழைய சட்டத்தைப் பார்த்து மேலே ஒரு பத்தி கோபப்பட்டேனே, நான் அவன்மேல் நடத்தியதும் அதே சட்டம்தான். அவன் அம்மா சொன்னது செல்லாது, நான் அச்சிட்டது செல்லும்.

நம் நாட்டுச் சட்டம் இந்த இடத்தில் என்னைவிட நன்றாக யோசித்திருக்கிறது. ஆட்டம் ஆடும் முறைக்கு இங்கே காப்புரிமையே கிடையாது, 1970-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அதை நேரடியாகவே விலக்கிவிடுகிறது. அதைவிட முக்கியமானது 25-ஆம் பிரிவும் 64-ஆம் பிரிவும். ஒரு காப்புரிமையை எதிர்க்கவோ ரத்து செய்யவோ என்னென்ன காரணம் சொல்லலாம் என்ற பட்டியலில், உள்ளூர்ச் சமூகமோ பழங்குடிச் சமூகமோ இந்தியாவிலோ வேறெங்கோ வாய்மொழியாகவோ வேறு விதமாகவோ வைத்திருந்த அறிவும் இருக்கிறது. 'வாய்மொழியாகவோ' என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. புளி தட்டுகிற அந்த அம்மா சொன்னாலும் முந்தைய கலைதான். அதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வேறு விஷயம். கேட்கவாவது ஒரு காது வைத்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவன் கதையை எடுத்து வாசித்தேன். இந்தத் தடவை திருட்டைத் தேடாமல் வாசித்தேன். வெட்கமாக இருந்தது, இரண்டு காரணத்துக்காக. முதலாவது தெரிந்ததுதான். இரண்டாவது, அவன் கதை என் கதையைவிட நல்ல கதை. ஏன் என்று சொல்ல எனக்குக் குலாக்கின் வளையம் வேண்டியிருக்கிறது.

என் கதையில் ஐந்தாவது கொட்டை கொண்டையில் இருக்கிறது. கொண்டைக்குப் பதில் முந்தானையில் இருந்தாலும், சுருக்குப்பையில் இருந்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. தொப்பிப் பட்டை. ஆயா சொன்னதை அப்படியே எடுத்து, மேலே நாலு வர்ணனை அச்சடித்திருந்தேன். அவன் கதையில் அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அழாமல் இருக்க அதன் வாயில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டிருக்கிறாள். சப்பிச் சப்பி, ஊறி, இரண்டு பக்கமும் தோல் கழன்று வெள்ளையாகிவிட்டது அந்தக் கொட்டை. முந்தானைக்குள் குழந்தை இருப்பது புலிக்குத் தெரியாது. அவள் ஜெயிக்க வேண்டுமென்றால் அந்தக் கொட்டை வேண்டும். கொட்டையை வாயிலிருந்து எடுத்தால் குழந்தை அழும். அவள் கை முந்தானைக்குள் போகிற இடத்தில் கதையை நிறுத்தியிருந்தான்.

கொட்டை வெள்ளையானதே குழந்தை சப்பியதால்தான். குழந்தை பத்திரமாக இருப்பதும் கொட்டை வாயில் இருப்பதால்தான். புள்ளியைக் கட்டையிலிருந்து பிரிக்கவே முடியாது. கச்சிராயபாளையத்து அம்மாவின் கதையில் குழந்தையே கிடையாது, எங்கள் ஆயாவுடையதிலும் கிடையாது. அவன் அம்மா கதையில் இருந்ததா, அவன் சேர்த்ததா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பதிவை நீக்கினேன். நீக்கினால் போதாது என்று தோன்றியதால், நான் எழுதியது தப்பு என்று அதே இடத்தில் எழுதினேன். முதல் பதிவைப் பகிர்ந்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவனுக்குத் தனியாகவும் ஒரு கடிதம் அனுப்பினேன். மன்னிப்பு ஒரு பத்தி, அந்தக் குழந்தையைப் பற்றி மூன்று பத்தி.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. குழந்தை யாருடையது என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தான்: "உங்க ஆயா சொன்னதுல, தோத்தப்புறம் புலி எங்க போச்சுங்கண்ணா?"